குறை சொல்லாத காலை

அவர் முன் எந்தத் தட்டை வைத்தாலும் முதலில் தட்டை உற்றுப் பார்ப்பார். பிறகு அதை வைத்தவரின் முகத்தைப் பார்ப்பார். "இது எனக்கா, வாசல்ல கட்டிக் கெடக்குற ஆட்டுக்கா?" என்று கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவார்.

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலுக்குப் போகும் சாலையோரம், ஒரு காலத்தில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்த கிட்டங்கி ஒன்றைப் பராமரிப்பு இல்லமாக மாற்றியிருந்தார்கள். அதில் வடக்குச் சன்னலை ஒட்டிய கட்டில் அவருடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முப்பது ஆண்டுகள் மலையில் ஏலக்காய் எடுத்தவர். ஓர் ஆடி மாத மழையில், தோட்டத்துச் சரிவில் கால் வழுக்கிப் பாறைமேல் விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகளில் மட்டும் பழைய வலு அப்படியே இருந்தது. மூட்டை ஏற்றுவதற்காக உத்தரத்தில் அடித்திருந்த கொக்கியில் ஒரு கயிற்றைக் கட்டித் தரச் சொல்லி, அதைப் பிடித்து இழுத்துத் தானே எழுந்து உட்காருவார். அந்தக் கயிறு உள்ளங்கையை அறுக்கிறது என்பது அவருடைய நிரந்தரக் குறைகளுள் ஒன்று. வேறு கயிறு மாற்றித் தந்தால் வழுக்குகிறது என்பார்.

இல்லத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். பெயரை எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. ஆகவே இங்கே எழுதவில்லை.

சமூகப்பணியில் முதுகலை முடித்து வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் அந்த இல்லத்துக்குப் போனேன். பத்தொன்பது பேர் அங்கே இருந்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், மலையில் அடிபட்டவர்கள், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாத முதியவர்கள். கூரை சில இடங்களில் ஒழுகியது. வேலைக்கு ஆட்கள் போதவில்லை. இல்லத்தை நடத்திய அறக்கட்டளையினர் இரண்டு வழிகளை யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, அந்த இடத்தையே சீர்செய்து தொடர்ந்து நடத்துவது. மற்றது, வேறு மாவட்டத்தில் ஒரு நகரத்திலுள்ள பெரிய பராமரிப்பு இல்லத்துக்குப் பத்தொன்பது பேரையும் அனுப்பிவிட்டு இதை மூடிவிடுவது. இரண்டு இடங்களையும் நேரில் பார்த்து, எங்கே பராமரிப்பின் தரம் மேலானது என்று எழுதித் தருவதே எனக்குத் தரப்பட்ட பணி. என் அறிக்கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பத்தொன்பது பேரின் கட்டில்களும் போகும் என்பதை நான் அறிந்தே இருந்தேன். அதனால் மிகவும் கவனமாக இருக்க விரும்பினேன். கவனமாக இருப்பதென்றால் படிவத்தைச் சரியாக நிரப்புவது என்று அப்போது நம்பியிருந்தேன்.

படிவம் நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தின் தலைப்பு 'குறைகள்'.

மற்றவர்களிடம் பேசிவிட்டு நான் வடக்குச் சன்னலுக்கு வந்தபோது, அவர் கயிற்றைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, தலைமுடியைக் கோதிக் கொண்டையிட்டுத் தயாராக இருந்தார்.

"ஏத்தா, ஒங்கிட்ட எத்தன தாளு இருக்கு?"

"நாலு பக்கம் இருக்குக்கா."

"பத்தாது. போயி நோட்டு கொண்டா."

நோட்டும் இருந்தது. அவர் தொடங்கினார். இட்லி கல் போல இருக்கிறது. சாம்பாரில் பருப்பைத் தேடுவதற்கு ஆள் வைக்க வேண்டும். குளிக்கிற வெந்நீர் சூடு போதவில்லை. குடிக்கிற நீர் சூடாக இருக்கிறது. போர்வை குட்டை. தலையணை மேடு. பக்கத்துக் கட்டில்காரரின் வானொலி மதியம் தூங்கவிடுவதில்லை. அதை அணைத்துவிட்டால் பொழுது போகவில்லை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வரும் பேச்சியின் கை பனிக்கட்டி போலக் குளிர்கிறது.

பேச்சி அப்போது துணி மடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். சிலமலையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் உதவியாளர், முப்பத்தைந்து வயதுக்காரர்.

"எல்லாத்தையும் சொல்லிட்டயாக்கா? என் மூக்கு சப்பையா இருக்குன்டு சொன்னயா?"

"அது ஒங்காத்தா செஞ்ச தப்புடி. இல்லத்துக் கணக்குல சேராது."

"இந்தா பாரு, இவுக படிச்சவுக. நீ சொல்றத நெசமுன்டு எழுதிக்கிருவாக."

"எழுதட்டும். எழுதத்தான வந்திருக்கு. ஏத்தா, ஒங்கப்பா என்ன சோலி பாக்குறாரு?"

போடிக்குள் சிறிய ஏலக்காய்க் கடை என்றேன்.

"அப்ப நீ தராசுக்கு அந்தப் பக்கத்துப் புள்ள" என்றார். அதில் பகை இல்லை. கட்டில் எண்ணைக் குறித்துக்கொள்வதைப் போல அதை அவர் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்று அவர் சொன்ன குறைகள் இருபத்து மூன்று. மற்ற பதினெட்டுப் பேரும் சேர்ந்து சொன்னவை நான்கு. அத்தனையையும் நான் ஒழுங்காகப் படிவத்தில் ஏற்றினேன்.

மலையில் வேலை செய்த காலத்தில் சில மலையாளச் சொற்கள் அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தன. சோறு போதும் என்பதற்கு உள்ளங்கையைக் காட்டி "மதி, மதி" என்பார். பேச்சி உடனே கரண்டியை நிறுத்திவிட்டால், "ஒரு வாட்டி மதின்னா நிப்பாட்டிருவயா? ஒப்பன் வீட்டுச் சோறா?" என்பார். நிறுத்தாமல் போட்டால், "செவிடு, செவிடு" என்பார். எத்தனையாவது 'மதி'யில் நிறுத்த வேண்டும் என்பது பேச்சிக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவர் விடுப்பெடுத்த நாட்களில் சோறு ஒன்று கூடும், இல்லையென்றால் குறையும்.

இரண்டாம் முறை போனபோது, பின்புறக் குழாயடியில் பேச்சி துணி அலசிக்கொண்டிருந்தார். "அக்கா எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டேன். பேச்சியின் தாயும் அதே தோட்டத்தில் காய் எடுத்தவராம்.

"சாயங்காலம் ஆளாளுக்கு எடுத்த காய எட போடுவாக மேடம். கணக்குப்பிள்ள முள்ளப் பாத்து எடையச் சொல்லுவாரு. எல்லாரும் சரின்டு போயிருவாக, ஜீப்பு கெளம்பிருமுன்டு. இந்தக்கா மட்டும் நகராது. 'முள்ளு ஆடுது, இன்னொருக்கா போடு'ன்டு நிக்கும். எட சரியா இருந்தாலும் அதேதான். தெனமும். ஜீப்புக்குள்ள இருக்குறவுக எல்லாம் ஏசுவாக."

"சரியா இருந்தா எதுக்குச் சண்ட?"

"எங்கம்மாவும் அதக் கேட்டிருக்கு. 'ஒரு நா பேசாம வந்துட்டம்னா, இவளுக்குக் கண்ணு தெரியலன்டு நெனச்சுக்கிருவான்'டுச்சாம்." பேச்சி ஒரு போர்வையைப் பிழிந்து உதறினார். "அதனால பாதிக்கு மேல தராசுப் பேச்சுதான் மேடம். சத்தமாச் சொன்னா, கேட்டுக்கிட்டுத் திருப்பி ஏசணும். கொரல எறக்கிச் சொன்னா வெரசா ஓடணும்."

அப்படி ஒரு முறை ஓடிய கதையையும் சொன்னார். ஒருநாள் அக்கா பேச்சியை அருகே அழைத்து, வேறு எவர் காதிலும் விழாதபடி, "தண்ணி ருசி மாறியிருக்குடி" என்றாராம். பேச்சி அந்த நிமிடமே மாடிக்கு ஏறித் தொட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஓர் அணில் செத்து மிதந்தது. அன்று சமைத்து வைத்திருந்த அனைத்தையும் கீழே கொட்டி, தொட்டியைக் கழுவி, பத்தொன்பது பேருக்கும் கடையிலிருந்து காபியும் பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அன்னைக்கும் விட்டுச்சா? கண்டம் தப்பிச்சமேன்டு நாங்க நின்டா, பன்னு நேத்துப் பன்னுன்டு ஏசுது."

நான் சிரித்தேன். குறிப்பேட்டில் 'சுவையான தகவல்' என்று ஒரு வரி எழுதிக்கொண்டேன். தொட்டியின் மூடி சரியில்லை என்பதைப் படிவத்தின் கட்டடப் பக்கத்தில் ஏற்றினேன். அந்தக் கதையில் நான் அறிய வேண்டியது வேறொன்று என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பெரிய இல்லத்தைப் பார்க்கப் போனேன். பளிங்குபோல வழுவழுத்த தரை. புதிய கட்டில்கள், புதிய மின்விசிறிகள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் அட்டை. திருப்பிப் படுக்கவைத்த நேரம் எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார்கள். ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. அங்கிருந்தவர்களிடம் ஒருவர் விடாமல் பேசினேன். "நல்லா இருக்கோம், நல்லாப் பாத்துக்கிறாங்க" என்றார்கள். குறை ஏதாவது உண்டா என்றால், இல்லை என்றார்கள். கடைசிப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். என் சிறிய அனுபவத்தில் அத்தனை தூய்மையான கடைசிப் பக்கம் அதுவரை வாய்த்ததில்லை.

அந்த இல்லத்தின் மீது இன்றும் எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அங்கே எவருக்கும் தீங்கு நடந்ததாக நான் எண்ணவில்லை. அங்கே யாரும் என்னிடம் மனம் திறந்து பேசவில்லை என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது. அதையும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

வீடு திரும்பி அறிக்கையின் வரைவை எழுதினேன். மாற்றுவதே நல்லது என்று பரிந்துரைத்தேன். மாற்றத்தால் வரும் விளைவுகளையும் நேர்மையாகவே எடைபோட்டேன். உறவினர்கள் பார்க்க வருவது குறையும். பழகிய முகங்கள் இருக்கமாட்டா. சிலருக்கு ஏக்கம் வரலாம். ஆனால் கூரை ஒழுகாது, ஆள் தட்டுப்பாடு இருக்காது, குறைகள் இருபத்தேழிலிருந்து ஒன்றுமில்லாத நிலைக்கு வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தபோது ஐயமே எழவில்லை. இல்லத்தின் பொறுப்பாளரான நர்ஸம்மாவிடம் கையொப்பம் வாங்குவது ஒன்றே மிச்சம்.

அதை வாங்கத்தான் அன்று காலையில் போனேன். எட்டு மணி இருக்கும். பேச்சி தட்டுகளை வைத்துக்கொண்டே வந்தார். அக்காவின் முன் தட்டை வைத்தார். இட்லி, சாம்பார்.

அக்கா தட்டைப் பார்த்தார். பேச்சியைப் பார்க்கவில்லை.

"சரி" என்றார்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இன்றாவது அவருக்கு மனநிறைவு கிடைத்திருக்கிறதே என்று நினைத்தேன். பேச்சி அடுத்த கட்டிலுக்கு இரண்டடி வைத்துவிட்டு நின்றார். திரும்பினார்.

"என்னக்கா, ஆட்டக் காணமா இன்னைக்கி?"

"ம்."

"இட்லி கல்லு மாதிரி இல்லயா?"

"நல்லாருக்கு. நீ போ."

பேச்சி கையிலிருந்த தட்டுகளை அப்படியே தரையில் வைத்தார். அக்காவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். குனிந்து, கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நர்சம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வானொலிக்காரர் வானொலியை அணைத்துவிட்டார்.

நான் அருகே போய், "ஏன் பேச்சி, அமைதியாத்தானே இருக்காங்க, நல்லதுதானே?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

"நல்லதா? மேடம், மொதல்ல நவுருங்க."

நர்ஸம்மா ஓடிவந்து காய்ச்சலைப் பார்த்தார். பையிலிருந்த நீர் கலங்கிக் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் அது வரும்வரை பேச்சி காத்திருக்கவில்லை. எதிர்த் தேநீர்க் கடையில், மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று நின்றிருந்தது. அதன் பின்பகுதியில் மெத்தையைப் போட்டு, பலகையோடு நான்கு பேர் தூக்கி அவரைப் படுக்கவைத்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன். அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில் மூன்று இடங்களில் ஜீப் தூக்கிப்போட்டது. ஓட்டுநரை அவர் ஏசவில்லை. கண்ணை மூடிக் கிடந்தார். பேச்சி அழத் தொடங்கியது அப்போதுதான்.

"ஏசுக்கா. அவன ரெண்டு வார்த்த ஏசு. எப்படி ஓட்டுறான் பாரு, ஏசுக்கா."

சிறுநீரில் தொற்று ஏற்பட்டு இரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களுக்கு வலி தெரியாது. ஆகவே இது சத்தமில்லாமல் வரும். நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பேச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இட்லி நல்லாருக்குன்டுச்சு சார்" என்றார். மருத்துவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

நடைபாதையில் நர்ஸம்மா என்னருகில் வந்து நின்றார். "பையோட நெறம் நேத்துச் சாயங்காலமே மாறியிருக்கணும். நான் பாத்திருக்கணும், பாக்கல. ஒரே ஆளா ஓடுறேங்கிறதெல்லாம் சாக்கு. எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டேன். என் படிவத்தில் ஏறிய குறைகளிலேயே முதல் உண்மையான குறை அது.

மதியம் தேவாரத்திலிருந்து அவருடைய தம்பி வந்தார். அடிபட்ட பிறகு எட்டு மாதம் அக்காவைத் தன் வீட்டில் வைத்திருந்தவர். சிறிய வீடு, மனைவிக்கும் கூலி வேலை. ஒருநாள் முடியவில்லை என்று சொல்லி இல்லத்தில் சேர்த்திருக்கிறார். பெரும் தவறு செய்துவிட்டதாகவே அவர் நினைத்திருப்பார் என்று எண்ணி ஆறுதல் சொல்லப் போனேன். அவர் வேறொன்றைச் சொன்னார்.

"எங்க வீட்ல எட்டு மாசம் இருந்துச்சுங்க. ஒத்த வார்த்த கொற சொல்லல. ஆறிப்போன கஞ்சியக் குடுத்தாலும் நல்லாருக்குப்பான்டு வாங்கிக் குடிக்கும். அது எங்கக்காவே இல்ல. கணக்குப்பிள்ளைய நடுங்க வச்ச பொம்பள அது." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "இல்லத்துல விட்டு ரெண்டு வாரங் கழிச்சு வாறேன், சாம்பாருல உப்பு இல்லன்டு அந்தப் பேச்சிய வாங்கு வாங்குன்டு வாங்குது. வெளிய போயி நின்டு அழுதேங்க. அக்காக்கு எடம் கெடச்சிருச்சுன்டு."

நான் பையிலிருந்த வரைவு அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பெரிய இல்லத்தின் கடைசிப் பக்கத்தில் நான் இழுத்திருந்த அந்தக் கோடு என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. அக்கா அங்கே போயிருந்தால், எல்லா நாளும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார். இந்தக் காலையிலும் அதையே சொல்லியிருப்பார். அந்த இரண்டு "நல்லாருக்கு"களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அட்டையில் நேரம் எழுதிக் கையொப்பம் இடுகிறவர் எப்படி அறிவார்? அவர் நல்லவராகவே இருந்தாலும் எப்படி அறிவார்? குறை சொல்வது ஒரு மனிதர் தன் இடத்தில் காலூன்றி நிற்பதற்கான அடையாளமாக இருக்கலாம் என்பது என் படிப்பில் எங்கும் வரவில்லை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளையான எனக்கு, குறை என்பது அடைக்க வேண்டிய ஓட்டை. எதிர்ப்பக்கம் நின்று எடைபோடக் கொடுத்தவர்களுக்கு அது அன்றாடம் செய்தாக வேண்டிய ஒரு வேலை.

மூன்றாம் நாள் காலையில் பேச்சி தொலைபேசியில் அழைத்தார். பின்னணியில் மருத்துவமனைச் சத்தம்.

"மேடம், ஏசிருச்சு!"

"என்ன சொன்னாங்க?"

"கண்ணத் தொறந்து மேல பாத்துச்சு. 'எவடி இவ, காத்தாடிய இம்புட்டு மெதுவாச் சுத்தவிட்டது'ன்டுச்சு. நர்சு, டாக்டரு, எதுத்த கட்டில்காரம்மான்டு யாரையும் விடல."

வீட்டுக் கூடத்தில் நின்றபடியே நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து என் தந்தை, "என்னம்மா, யாரு?" என்று கேட்டார். ஒரு நோயாளி பிழைத்துவிட்டார் என்றேன்.

அறிக்கையைத் திருப்பி எழுதினேன். இருபத்தேழு குறைகளையும் நீக்கவில்லை. நர்ஸம்மாவின் குறையைச் சேர்த்து இருபத்தெட்டாக்கினேன். கூரையைச் சரிசெய்ய வேண்டும், இன்னொரு நர்ஸ் வேண்டும், தொட்டிக்கு மூடி வேண்டும், பையைப் பார்க்க வேளை குறிக்க வேண்டும் என்று எழுதினேன். அந்த அட்டை முறையை மட்டும் பெரிய இல்லத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். இவற்றைச் செய்து, இல்லம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று முடித்தேன். இதை எழுதும் இந்நாளிலும் அது அங்கேயேதான் இயங்குகிறது. ஆனால் அன்று அதற்கு உறுதியில்லை. அறிக்கையைப் படித்த அறக்கட்டளைத் தலைவர் என்னை அழைத்தார். எழுபதைக் கடந்த ஏலக்காய் வியாபாரி. கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை.

"இருபத்தெட்டுக் கொறைய நீங்களே எழுதிட்டு, கடைசியில இங்கயே இருக்கட்டுங்கிறீங்க. அங்க ஒரு கொறையும் இல்லன்டும் எழுதியிருக்கீங்க. இது எந்தூரு நியாயம்?"

நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். "நேர்ல பாத்துக்கிறேன்" என்றார்.

அக்கா இல்லத்துக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத் தலைவர் வந்தார். காலையிலிருந்தே தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். நர்ஸம்மா அக்காவின் கட்டிலருகே குனிந்து, "இன்னைக்கு ஒரு நா மட்டும் ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லு தாயி. பத்தொம்பது பேரு கத ஒன் வாயில இருக்கு" என்று கெஞ்சினார்.

"பாப்போம்" என்றார் அக்கா.

தலைவர் ஒவ்வொரு கட்டிலாக வந்தார். வடக்குச் சன்னலுக்கு வந்ததும் நின்றார்.

"என்னம்மா, ஒடம்பு எப்படியிருக்கு? நல்லாப் பாத்துக்கிறாகளா?"

எல்லாரும் ஐயா என்றும் முதலாளி என்றும் அழைக்கும் அவரை, "வாங்கண்ணே" என்றார் அக்கா. "மொதல்ல அந்த முக்காலிய இழுத்துப் போட்டு ஒக்காருங்க. நின்டுக்கிட்டே கேட்டா பாதியில கெளம்பிருவீக."

அவர் உட்கார்ந்தார். அக்கா கயிற்றைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, தொடங்கினார். கூரை, இட்லி, போர்வை, தலையணை, வானொலி. பேச்சியின் கை. மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஜீப்பின் ஓட்டுநர். நர்ஸம்மா பையை ஒரு பொழுது பிந்திப் பார்த்தது. அதைக் கேட்டதும் நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் என் குறிப்பேட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தேன். இந்த ஏச்சின் பொருள் தலைவருக்குப் பிடிபடுமா என்று தவித்தேன்.

தலைவர் கையிலிருந்த அறிக்கைக் கோப்பை மூடினார்.

"இம்புட்டுக் கொறைய வச்சுக்கிட்டு எதுக்கும்மா இங்க கெடக்கணும்? அந்த ஊரு இல்லத்துக்குப் போயிருங்க. கட்டிலு புதுசு, காத்தாடி புதுசு. நாள் தவறாம எல்லாம் நேரத்துக்கு நடக்குது. எல்லாரையும் ஒண்ணா அனுப்பி வைக்கிறேன்."

அக்கா அவரைப் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். நான் ஏசுனா, திருப்பி ஏசுறதுக்கு அங்கன ஆளு இருக்கா?"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அப்படி யாரையும் நான் அங்கே பார்க்கவில்லை ஐயா" என்றேன்.

"இங்கன இவ இருக்கா" என்று பேச்சியைக் காட்டினார் அக்கா. "நான் ஒண்ணு சொன்னா ரெண்டு சொல்லுவா, வாயாடி. நான் சொல்லலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறா. அங்கன எனக்கு யாருண்ணே இருக்கா? செத்துக் கெடந்தாலும் அமைதியாத் தூங்குதுன்டு எழுதிட்டுப் போயிருவாக."

தலைவர் மூடிய கோப்பைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சரி, மொதல்லருந்து வா. கூரை எந்த எடத்துல ஒழுகுது?"

"நிமுந்து பாருங்க. நீங்க ஒக்காந்திருக்க எடத்துக்கு நேர் மேலதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு முக்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு, வெளியே நின்ற ஓட்டுநரைக் கூப்பிட்டு ஏணி ஒன்றுக்குச் சொல்லியனுப்பினார். கூரை போடும் ஆளையும் கையோடு கூட்டி வரச் சொன்னார். பேச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது அழுகையாலா சிரிப்பாலா என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அக்காவின் கட்டிலிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

அக்கா போர்வையின் பக்கம் பார்வையைத் தாழ்த்தினார்.

"நர்சம்மா, நீ ஒக்காந்திருக்கது என் காலு மேல. எனக்குத் தெரியாதுன்டு நெனச்சயா?"